அவர் உடம்பை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன்னால், கரையேற்றி வைத்திருந்த படகில் வேலை செய்யும்போது தவறிக் கீழே விழுந்துவிட்டார். முதுகில் ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘டி10, ஏசியா ஏ’ என்று இருக்கிறது. நடப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ‘ஆறு மாசத்துல எழுந்து நடப்பே’ என்றுதான் எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது கால் தானாக உதறுகிறது. நரம்பு திரும்புகிறது என்று மாமியார் தினமும் எண்ணெய் போட்டு நீவி, சுடச்சுட ஒத்தடம் கொடுக்கிறார். யூரின் டியூப் இன்னும் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒரு ரூபாய் அளவில் புண். குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது, திருப்பிப் போடுவது எல்லாம் நான்தான். வேலையை விட்டுவிட்டேன். அவர் யாரையும் பார்க்க மறுக்கிறார். கூட வேலை செய்த பையன்கள் வந்தால் திருப்பி அனுப்பிவிடச் சொல்கிறார். போன வாரம், ‘நான் போய்ச் சேந்துட்டா நீயாவது நல்லா இருப்ப’ என்றார். அவருக்கு எப்படித் தைரியம் சொல்வது? ஏழு வயது மகளுக்கு என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

மறுவாழ்வு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது தைரியம் சொல்வது பற்றி. அதற்கு முன்னால் இந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது, அவர் சொன்ன அந்த வார்த்தை. ‘வாய் தவறி வந்தது’ என்று விட்டுவிடாதீர்கள். ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று வாயை அடைக்கவும் வேண்டாம். மகள் பள்ளிக்கூடம் போனபின், மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: ‘அன்னிக்கு அப்படிச் சொன்னியே, செத்துடலாம்னு நெஜமாவே தோணுதா?’ கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அதை வெளியே சொல்ல முடிந்ததே பாதி பாரம் இறங்கியதுபோல் இருக்கும். ‘ஆமாம்’ என்று சொன்னால், அதுவும் எப்படி என்பதுவரை யோசித்து வைத்திருந்தால், தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தூக்க மாத்திரை, நரம்பு வலி மாத்திரை எல்லாம் இனி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அவரும் பேசலாம், நீங்களும் பேசலாம். தண்டுவடத்தில், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையில், காயம் பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அது மருந்துக்கும் பேச்சு சிகிச்சைக்கும் கட்டுப்படுகிற நோய். மனசை உறுதியாக வைத்துக்கொண்டால் போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, அந்தப் புண். மேலே ஒரு ரூபாய் அளவு தெரிகிற படுக்கைப் புண், உள்ளே எலும்புவரை பெரிய குழியாக இருக்கலாம். வலி தெரியாததால் அவருக்கும் அது உறைக்காது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அழகு சிகிச்சை என்று நினைக்க வேண்டாம், படுக்கைப் புண்ணைச் சரிசெய்வதும் அந்தத் துறையின் அன்றாட வேலை. அதுவரை அந்த இடத்தில் எடை விழவே கூடாது. மல்லாந்து படுப்பதும் சாய்ந்து உட்காருவதும் வேண்டாம். இடது பக்கம், வலது பக்கம் என்று 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிப் படுக்கட்டும். மருந்துக் கடையில் நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் காற்று வளையம் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். ஓட்டையைச் சுற்றி உள்ள தோலை அது அழுத்தி, புண்ணுக்கு வருகிற ரத்தத்தையே குறைத்துவிடும். மஞ்சள், பவுடர், ஸ்பிரிட் எதுவும் போட வேண்டாம். மோட்டார் வைத்த ஏர் பெட் வாங்கினால் நல்லது, ஆனால் கரண்ட் போனால் அது வெறும் பாய்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். காசிமேட்டுக்காரருக்கு மீன் சாப்பிட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

சரி, இப்போது கால் உதறலுக்கு வருகிறேன்.

மூளையிலிருந்து காலுக்குப் போகும் உத்தரவும், காலிலிருந்து மூளைக்கு வரும் சேதியும் தண்டுவடம் வழியாகத்தான் போய்வருகின்றன. டி10 என்பது மார்புப் பகுதி முதுகெலும்புகளில் பத்தாவதின் மட்டம். அங்கே வழி அடைபட்டுவிட்டது. அடைப்புக்குக் கீழே உள்ள தண்டுவடம் சாகவில்லை, மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தன்போக்கில் வேலை செய்கிறது. அடிபட்ட புதிதில் சில நாட்களோ வாரங்களோ அதுவும் ஓய்ந்து கிடக்கும். கால் துணிபோலத் தொங்கும். பிறகு அது விழித்துக்கொள்ளும்போது உதறலும் விறைப்பும் தொடங்கும். போர்வை உரசினால்கூடக் கால் துள்ளும். வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வருவது இந்த நேரத்தில்தான். அது இயல்புதான், மாமியாரைக் கோபிக்காதீர்கள். ஆனால் அந்த உதறல் நரம்பு திரும்புவதற்கான அடையாளம் இல்லை. தானாக நினைத்துக் கட்டைவிரலை அசைக்க முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உதறலால் ஒரு நன்மையும் உண்டு. வழக்கத்தைவிட அது திடீரென்று அதிகமானால், கீழே ஏதோ சரியில்லை என்று பொருள்: சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், புதுப் புண், சதைக்குள் வளர்ந்த நகம், ஏதாவது ஒன்று. வலி சொல்ல முடியாத உடம்பு அப்படித்தான் சொல்லும். உதறலுக்கு பேக்லோஃபென் என்ற மாத்திரை கொடுத்திருந்தால், கைவசம் தீர்ந்துவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து.

ஒத்தடத்தை இன்றோடு நிறுத்துங்கள். சூடு தெரியாத தோல் வெந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். வெந்நீர்ப் பை, மடியில் வைக்கும் சூடான சாம்பார்க் கிண்ணம், வண்டி சைலன்சர், சித்திரை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை எல்லாமே அதே கணக்குதான். எண்ணெய் மெதுவாகத் தடவுவதில் பெரிய கெடுதல் இல்லை; அழுத்தி நீவுவதில்தான் ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கியோ சூடாகவோ இருந்தால் தொடவே தொடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக் கட்டி இருந்தால், நீவும்போது அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். எடை தாங்காத கால் எலும்பு மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே வரும், முரட்டுத்தனமாக மடக்கினால் ஒடிந்தும் போகலாம். மாமியாருக்கு வேறு வேலை கொடுங்கள். தினமும் காலின் ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்ட பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். அதை மாமியாரே செய்யட்டும். மகனுக்காகக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிற தாயை ‘சும்மா இருங்க’ என்று சொல்லித் தடுக்க முடியாது.

அடுத்து யாராவது புத்தூர் கட்டு என்பார்கள். கட்டு எலும்புக்குப் போடுவது. உங்கள் கணவருக்கு எலும்பை ஏற்கெனவே ராடு வைத்து நிறுத்தியாகிவிட்டது, உள்ளே இருக்கும் தண்டுவடத்தை எந்தக் கட்டும் தொடாது. அதற்கடுத்து ஸ்டெம் செல் ஊசி என்று லட்சங்களில் பேசுவார்கள். அதற்காக நகையை அடகு வைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் 2017-இல் வந்த தேசிய வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற சில ரத்த நோய்களுக்குத்தான் ஸ்டெம் செல் ஏற்கப்பட்ட சிகிச்சை. தண்டுவடத்துக்கு அது இன்னும் ஆராய்ச்சி நிலைதான். முறையான ஆராய்ச்சியில் சேர்பவரிடம் காசு வாங்க மாட்டார்கள்.

நடப்பாரா என்ற கேள்வி. ‘ஏசியா ஏ’ என்றால், பரிசோதித்த அன்றைக்குக் காயத்துக்குக் கீழே, ஆசனவாய்வரை, அசைவும் உணர்வும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பரிசோதனையை இப்போது மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதல் நாட்களில் எழுதியது மாறியிருக்கவும் கூடும். திரும்புவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள்தான் திரும்பும், அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். ஐந்து மாதம் கழித்தும் ‘ஏ’ என்றே வந்தால், பழையபடி எழுந்து நடப்பது மிக அரிது. உங்களுக்கு இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அவருக்கும் மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. யோசித்துப் பாருங்கள். அவர் உடம்பைப் பற்றிய செய்தி உங்களுக்குத் தெரியும், மாமியாருக்கு அரைகுறையாகத் தெரியும், அநேகமாகத் தெருவுக்கே தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். மெக்கானிக்காக இருந்தவர் வேறு. எது ஓடும், எது ஓடாது என்று பார்த்துச் சொல்வதே அவர் தொழில். ஐந்து மாதமாகத் தன் காலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? அவர் வெளியே சொல்லாமல் இருப்பது உங்களுக்காகவும் இருக்கலாம். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தனியாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் உறவினரை வெளியே கூப்பிட்டுச் சொல்வது நம் ஊர் வழக்கம். எனக்கு அது பிடிக்காத வழக்கம். அடுத்த முறை போகும்போது, ‘டாக்டர், இவரையும் வெச்சுக்கிட்டே சொல்லுங்க’ என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது மருத்துவரின் வேலை, உங்கள் தலையில் அது விழ வேண்டாம். வீட்டில் அதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டால், ‘நடக்கறது ரொம்பக் கஷ்டம்னுதான் சொல்றாங்க. எனக்கும் தாங்க முடியல. நீ என்ன நினைக்கிற?’ என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். அவர் அழட்டும். கத்தட்டும். சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த நாட்களில் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள். ‘ஆறு மாசத்துல நடப்ப’ என்ற பொய்யோடு ஏழாவது மாதத்துக்குப் போவதைவிட இது தேவலை. ஏனென்றால் இப்போது அவர் காத்திருக்கிறார். கால் வந்த பிறகு வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் வீல்சேரைத் தொட மாட்டார், எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், பையன்களையும் பார்க்க மாட்டார்.

இனித்தான் தைரியம் பற்றிய உங்கள் கேள்வி. வார்த்தையால் தைரியம் கொடுக்க முடியாது என்பது என் அனுபவம். ஒரு ஆணுக்கு, அதுவும் எட்டு மணி நேரம் ஸ்பேனர் பிடித்த கைக்கு, தன் சிறுநீர்ப் பையை இன்னொருவர் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிடப் பெரிய தோல்வி இல்லை. நீங்கள் எவ்வளவு அன்பாகச் செய்தாலும் அது தோல்விதான். டி10 காயத்தில் இரண்டு கையும் முழுப் பலத்தோடு இருக்கின்றன. முறையாகப் பழகினால் படுக்கையில் புரள்வது, சட்டை பேன்ட் போடுவது, வீல்சேருக்கு மாறுவது, சிறுநீர், மலம், குளியல் எல்லாமே அவரே செய்யலாம். டி10-க்கு இது சாதாரணமான இலக்கு. ஆகவே, நீங்கள் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக அவர் கைக்கு மாற்றுங்கள்.

சிறுநீரிலிருந்து தொடங்கச் சொல்வேன். நிரந்தரமாக டியூப் வைத்தால் கிருமித் தொற்று, கல், டியூப் அடைப்பு எல்லாம் வரும். அதற்கு மாற்று, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை தானே மெல்லிய குழாய் செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு, உடனே குழாயை எடுத்துவிடுவது. ஜாக் லேப்பிடீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-இல் சொன்ன முறை இது. ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய சுத்தமான கை போதும் என்றார். மருத்துவ உலகம் முதலில் தயங்கியது, பிறகு உலகமெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. சேர்ந்தால் அழுத்தம் சிறுநீரகத்தை நோக்கிப் போகும். அதனால் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். ‘டியூப்பே வேணாம், தண்ணியக் குறைச்சுடலாம்’ என்ற யோசனை மட்டும் கூடாது. புண்ணும் சிறுநீர்ப் பையும் இப்போது எப்படி இருக்கின்றன என்று பரிசோதித்துவிட்டுத்தான் டியூப்பை எடுப்பார்கள், நீங்களாக எடுத்துவிடாதீர்கள். இதையெல்லாம் நர்ஸ் உங்களுக்குக் கற்றுத்தர வருவார். நீங்கள் நகர்ந்துகொண்டு, ‘அவருக்குச் சொல்லிக் குடுங்க, அவரே பண்ணிப்பாரு’ என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர் முகம் சிடுசிடுவென்று இருக்கும். பரவாயில்லை. மெல்லிய பைப்பைச் சரியான இடத்தில் செலுத்துவது அவருக்குத் தெரியாத வேலை இல்லையே.

மலம் கழிப்பதற்கு ஒரே நேரம் வேண்டும். சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் தானாக அசைகிறது, அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி, கையுறை, மசகு ஜெல் இருந்தால், விரலால் தூண்டுவதை அவரே செய்யலாம். பழகும்வரை உங்கள் உதவி வேண்டும். முடிந்தால் அந்த உதவிக்கு அவர் தம்பியோ வேறு ஆணோ கிடைக்கிறாரா பாருங்கள்.

தோலைப் பார்ப்பதும் அவர் வேலைதான். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலையும் இரவும் பிட்டம், வால் எலும்பு, குதிகால், கணுக்கால் எல்லாம் பார்க்க வேண்டும். எடையை எடுத்த பிறகும் அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால், அந்தப் பக்கம் அன்றைக்கு விடுமுறை. மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கறுத்தோ கெட்டியாகவோ சூடாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்கட்டும். வீல்சேரில் உட்கார ஆரம்பித்த பிறகு, 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் நன்றாகக் குனிந்து ஓரிரண்டு நிமிடம் பிட்டத்தின் மேல் விழும் எடையை எடுக்க வேண்டும். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் உலகப் போர் காலம்வரை தண்டுவடக் காயம் பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காயம் அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் அந்த இரண்டையும் விடாப்பிடியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார். அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிகள்தான் பின்னாளில் பாராலிம்பிக் ஆனது. நீங்கள் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுகிறீர்களே, அது அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

(இதைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில் டி6 அல்லது அதற்கு மேலே, கழுத்துவரை, காயம் உள்ளவர் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால் அது ரத்த அழுத்தம் எகிறுவது. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாகாவிட்டால் ஆம்புலன்ஸ்தான். இந்த வாசகியின் கணவருக்கு டி10 என்பதால் இந்தப் பயம் பெரிதாக இல்லை.)

இதற்கெல்லாம் வீட்டில் இருந்தபடி பாதிதான் கற்க முடியும். சில வாரங்கள் உள்நோயாளியாகத் தங்கிப் பழகுவது நல்லது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-இலிருந்து இயங்குகிறது. அதைத் தொடங்கிவைத்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, பிறகு வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இந்தப் பெயர்களை உங்களுக்காக எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்ட அல்ல! முதல் ஆண்டில் சாதனையாளர் வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் சொந்தக்காரர்கள் ஒரு தொல்லை. தானே டாய்லெட் போக முடியாதவரிடம் ஒருவர் மலை ஏறியதைக் காட்டுவதில் என்ன பயன்? அவருக்குத் தேவை, வீல்சேரில் இருந்துகொண்டு பெட்டிக்கடையோ மொபைல் ரிப்பேரோ நடத்தி, மாலையில் டீ குடிக்கப் போகும் ஒரு சாதாரண ஆள். மறுவாழ்வு வார்டில் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். எந்த ஜெல் மலிவு, எந்த டயர் சீக்கிரம் பஞ்சர் ஆகாது என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் நாங்கள் மருத்துவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்போம்.

வீட்டுக்கு வந்து சிகிச்சை தருவதற்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் பிசியோதெரபிஸ்ட் வருவார்.

உங்கள் இடுப்பையும் பார்க்க வேண்டும். அவரைத் தூக்குவதை நிறுத்துங்கள். தச்சரிடம் சொல்லி, இரண்டரை அடி நீளத்தில், வழவழப்பாக இழைத்த, முனை மழுங்கிய பலகை ஒன்று செய்யுங்கள். கட்டிலும் வீல்சேரும் ஒரே உயரத்தில் இருந்தால், அந்தப் பலகையின் மேல் கையை ஊன்றி எம்பி எம்பி நகர்ந்து அவரே மாறிக்கொள்வார். புண் ஆறும்வரை மட்டும் பொறுங்கள், தோலை இழுத்துக்கொண்டு நகரக் கூடாது. வீல்சேரை அவர் அளவுக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மருத்துவமனைகளில் கிடக்கும் பெரிய இரும்பு நாற்காலி அவருக்குச் சுமைதான். நாற்காலியைவிட, உட்காரும் மெத்தைக்கு அதிகம் செலவு செய்யுங்கள். வாசற்படிக்கு முறையான சாய்தளம் வேண்டுமென்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். நம் தெருக்களில் அதற்கு எங்கே போவது? கழற்றி மாட்டும் பலகையும் பின்னால் பிடிக்க ஒரு பையனும் போதும். தெருவைத் தாண்டிவிட்டால் தண்டையார்பேட்டை மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. 2021-இல் விம்கோ நகர்வரை ரயில் வந்ததில் வடசென்னை வீல்சேர்க்காரர்களுக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமில்லை.

திருப்பி அனுப்பப்படும் பையன்களைப் பற்றி. ‘அண்ணனைப் பாக்க வந்தேன்’ என்று வந்தால் அவர் விரட்டத்தான் செய்வார். பார்க்க வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று அவருக்குத் தெரியும். இன்ஜின் சத்தத்தை போனில் ரெக்கார்டு பண்ணிக்கொண்டு, ‘அண்ணே, கரும்புகை தள்ளுது, நாசில் மாத்தியும் சரியாகல’ என்று ஒருத்தன் வரட்டும். அப்போது விரட்டுகிறாரா பார்ப்போம். இதை நாடகமாகச் செய்யக் கூடாது. உண்மையாகவே சிக்கல் உள்ள இன்ஜினாக இருக்க வேண்டும், யோசனைக்குக் காசும் கொடுக்க வேண்டும். பம்ப், இன்ஜெக்டர் போன்றவற்றைக் கழற்றி வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தால் உட்கார்ந்தபடியே சரிசெய்யலாம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். முழுதாகப் படிக்க முடியவில்லை என்றாலும் புரிகிறது. கணவன் மனைவி உறவு முடிந்துவிடவில்லை. வழி மாறும், மருந்தும் உதவும். பிள்ளை வேண்டுமென்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய மருத்துவர்கள் நாங்கள், கேட்கப்படாததால் பேசாமல் இருந்துவிடுகிறோம். நீங்கள் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். வேலைகள் அவர் கைக்கு மாறினால், நர்ஸ் வேலையிலிருந்து நீங்கள் மனைவியாகத் திரும்ப நேரம் கிடைக்கும். நீங்கள் விட்ட வேலைக்குத் திரும்பப் போவதையும் இப்போதே யோசித்து வையுங்கள். அது சுயநலம் இல்லை.

பணத்துக்கு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். தண்டுவடப் பாதிப்புக்கு மாத உதவித்தொகை, பேட்டரி வீல்சேர், பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் என்று அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் சாவி. படகு ஓனரிடமிருந்து இழப்பீடு கேட்க முடியுமா என்றும் விசாரியுங்கள். வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்ற சட்டம் இந்த நாட்டில் 1923-லிருந்து இருக்கிறது. அதற்குக் காலக்கெடுவும் உண்டு, ஒத்திப்போட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். விபத்து நடந்த நாளின் ஆஸ்பத்திரிச் சீட்டு, கூட இருந்தவர்களின் பெயர், சம்பளம் வந்த ஜிபே பதிவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

மகளுக்கு உண்மையையே சின்னதாகச் சொல்லுங்கள். ‘அப்பாவுக்கு முதுகுல அடிபட்டதால கால் வேலை செய்யல. வலிக்கல. யாரு மேலயும் தப்பு இல்ல. உன்னால எதுவும் ஆகல.’ ஏழு வயதுப் பிள்ளைகள் தாங்கள் குறும்பு செய்ததால்தான் இப்படி ஆனது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வதுண்டு, அதனால் கடைசி வரியை விடாதீர்கள். ‘எப்ப சரியாகும்?’ என்று கேட்டால், ‘கால் சரியாகாதுன்னுதான் நினைக்கிறாங்க, ஆனா அப்பா வீல்சேர்ல வெளிய வருவாரு’ என்று சொல்லலாம். ஆனால் அவருக்குத் தெரிந்த பிறகுதான் அவளுக்கு. வீட்டுப்பாடத்தை இனி அப்பாவிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார் என்றால், அவள் தட்டிவிட்டுப் போகட்டும்.